மனமானியில் தொண்ணூற்றெட்டு

அப்பாவின் கடிதத்தை வைத்ததும் மனமானி தொண்ணூற்றெட்டு என்று காட்டியது. வடிவு எண்ணை மறுபடி பார்த்தாள். தொண்ணூறு வந்துவிட்டால் துண்டுச்சீட்டும் உயில்தான்; அதற்கு முந்தைய உயில் செல்லாது. சாட்சியும் வேண்டாம், முத்திரையும் வேண்டாம். பேனாவின் அழுத்தம், விரலின் நடுக்கம் எல்லாவற்றையும் மையிலிருந்து படித்து, எழுதியவர் மனமார எழுதினாரா என்று நூற்றுக்குக் கணக்குச் சொல்லும் இயந்திரம் அது. பாளையங்கோட்டை உயில் அலுவலகத்தில் ஒன்பது வருடமாக அதை இயக்கியவளே வடிவுதான். தோற்றவர்கள் அழுதால், "மெஷின் பொய் சொல்லாதும்மா" என்று அனுப்பிவிடுவாள். இன்று சக ஊழியன் இசக்கிராஜ் இயக்க, அவள் அழுகிறவர்களின் நாற்காலியில் இருந்தாள்.

பதிவு செய்த உயிலில் வீடு அவளுக்குத்தான். அதைவிட்டால் வேறு போக்கிடம் கிடையாது. பக்கவாதத்தில் அப்பாவுக்குப் பேச்சு நின்றபோதும், சண்டை போட்டுப் போயிருந்த தம்பி தாணு எட்டிப் பார்க்கவில்லை. வீட்டாசை காட்டினாலாவது வருவான் என்று அவள்தான் தாளை நீட்டினாள்.

"'தாணு, வீடு உனக்குத்தான், வாடா'ன்னு எழுதுங்கப்பா. சும்மாதான்."

அப்பா தயங்கி அவளைப் பார்த்துவிட்டு எழுதினார். பொய்க்கு மனமானி பத்துகூடத் தராது என்ற தைரியம் அவளுக்கு. தன் கையாலேயே தன் கண்ணைக் குத்திக்கொண்டாள். அப்போது வராத தாணு, அப்பா இறந்து பதினாறாம் நாள் காரியமும் முடிந்தபின் கடிதத்தோடு வந்து நின்றான்.

அப்படியானால் அப்பா மனமாரத்தான் எழுதினாரா? வீடு போவதைவிட அந்தக் கேள்விதான் அவளுக்குப் பெரிதாக இருந்தது.

"ஏத்துக்கிடுதேன்னு நீங்களும் கைப்பட எழுதணும்க்கா," என்றான் இசக்கிராஜ்.

அதையும் மனமானி பார்க்கும். மூன்று தடவையும் தொண்ணூறு வராவிட்டால் வழக்கு மேல்விசாரணைக்குப் போகும். அவளுக்கு இருந்த ஒரே பிடி அது. 'வீடு தாணுவுக்கே, மனமார ஏற்கிறேன்' என்று எழுதிக் கொடுத்தாள். நான்கு வந்தது. மறுபடி எழுதினாள். ஏழு.

"இன்னும் எவ்வளவு நேரம் இழுக்கப் போறக்கா?" என்று தாணு எரிந்து விழுந்தான்.

மூன்றாவது தடவை பேனாவை எடுத்தபோது அப்பாவின் நடுங்கும் விரல்கள் நினைவுக்கு வந்துவிட்டன. எழுதியதென்னவோ வீட்டைப் பற்றித்தான். மனம் முழுக்க, அப்பா எழுந்து வந்து ஒரு வார்த்தை பேசிவிட மாட்டாரா என்ற ஏக்கம். அழுதுகொண்டே எழுதி முடித்தாள்.

தொண்ணூற்றெட்டு.

அப்பாவும் இப்படித்தான் எழுதியிருக்கிறார். மகன் வரமாட்டானா என்று ஏங்கியவரின் ஏக்கத்தைப் படித்துவிட்டு, இயந்திரம் வீட்டைக் கொடுத்திருக்கிறது. எதற்காக ஏங்குகிறார்கள் என்று அதற்குத் தெரியவே தெரியாது.

"இல்ல இசக்கி, நான் நெனச்சது வேற..."

"மெஷின் பொய் சொல்லாதுல்லாக்கா," என்றான் அவன், பரிவாகத்தான்.

ஒன்பது வருடமாக அவள் அப்படிச் சொல்லி அனுப்பிய முகங்களெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. தாணு சாவிக்குக் கை நீட்டினான்.