உத்தரத்துக் கொக்கி

லதா கைப்பையைத் திறந்து, கைக்குட்டையில் சுற்றியிருந்த இரும்புக் கொக்கி ஒன்றை எடுத்து ராஜாராமின் மேசைமேல் வைத்தாள். செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்கு எதிர் மாடியில் இருந்த அந்தத் துப்பறியும் அலுவலகத்தில் அவரும் உதவியாளர் சியாமளாவும் மட்டுமே இருந்தார்கள். 2003ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம். லதாவின் கணவர் கேசவனுக்குக் காரியம் முடிந்த மறுநாள் அது.

கேசவன் கல்பாக்கத்தில் இன்ஜினியர். சதுரங்கப்பட்டினத்தில் சொந்த வீடு கட்டியபோது, பின்பக்கம் ஓட்டுக்கூரை போட்ட கொட்டகை ஒன்றையும் தன் சைக்கிள்களுக்காகக் கட்டிக்கொண்டார். தரை ஈரமும் உப்புக்காற்றும் சக்கரங்களை அரித்துவிடும் என்று, மர உத்தரத்தில் கொக்கிகளைத் திருகி, தன்னுடைய பந்தய சைக்கிள்களை ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டிருந்தார். சுவரை ஒட்டி வேலை மேசை, அதற்கு மேலே வரிசையாக ஸ்பேனர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர்க்காரர்களின் சைக்கிள்களைச் சும்மாவே பழுது பார்த்துக் கொடுப்பார்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அவர் அங்கே தலை உடைந்து இறந்து கிடந்தார். உடல்மேல் கனமான பழைய சைக்கிள் ஒன்று. பக்கத்தில் இந்தக் கொக்கி. கொக்கி பிடுங்கிக்கொண்டு சைக்கிள் தலையில் விழுந்துவிட்டது என்று போலீஸ் முடித்துவிட்டது.

"என்னால நம்ப முடியல சார்," என்றாள் லதா. "கொக்கியெல்லாம் மாட்டினதும் ஒவ்வொண்ணுலயும் அவரே தொங்கிப் பார்த்தார். நான் திட்டினேன். அவர் எடையைத் தாங்கினது ஒரு சைக்கிளைத் தாங்காதா?"

ராஜாராம் கொக்கியை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அதன் திருகுப் புரிகளில் ஒரு மரச்சிம்புகூட ஒட்டியிருக்கவில்லை. அன்றைக்கு நடந்ததைச் சொல்லச் சொன்னார்.

மதியம் கேசவன் கொட்டகையிலிருந்து வந்து யாருக்கோ போன் செய்தாராம். பிறகு சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். மாலையில் அவருடைய அலுவலக நண்பர் பரணிதரன் வாசல் மணியை அடித்தார். கேசவன் பின்னால் இருக்கிறார், கூப்பிடுகிறேன் என்று லதா எழுந்தபோது, வேலையாக இருப்பான், தொந்தரவு செய்யாதீர்கள் என்று தடுத்துவிட்டு, காபி கேட்டு வாங்கிக் குடித்தார். மகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றி வெகுநேரம் பேசிவிட்டுப் போனார். இருட்டியபின் கணவரைக் கூப்பிடப் போனவள்தான் பார்த்தாள்.

மறுநாள் ராஜாராமும் சியாமளாவும் சதுரங்கப்பட்டினம் போனார்கள். கொட்டகை உத்தரத்தில் கொக்கி இருந்த துளை, துளையிட்ட அன்று இருந்ததைப் போலவே வட்டமாக இருந்தது. பாரம் பிடுங்கியிருந்தால் மரம் பிளந்திருக்கும் என்று சியாமளா உடனே சொன்னாள்.

"சுவரையும் பாரும்மா," என்றார் ராஜாராம்.

வெள்ளையடித்த சுவரில், ஒவ்வொரு கொக்கிக்கும் நேர் கீழே டயர் உரசிய கறுப்புக் கோடு. எல்லாமே மெல்லிய டயரின் கோடுகள். கொக்கி கழன்ற இடத்திலும் அதே மெல்லிய கோடுதான். விழுந்ததாகச் சொன்ன சைக்கிளுக்கோ தடித்த டயர். ஒரு மூலையில் கேசவனின் பந்தய சைக்கிள் ஒன்று வெறும் தரையில் சாய்ந்திருந்தது.

விழுந்த சைக்கிளின் கேரியரில் மீன் செதில்கள் காய்ந்து ஒட்டியிருந்தன. பின் மட்கார்டு நசுங்கியிருந்தது. நசுங்கிய இடத்தை யாரோ உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்திருந்தார்கள். ராஜாராம் கேரியரின் திருகைக் கழற்றினார். உப்புத்தாள் எட்டாத அந்த இடுக்கில் மெரூன் நிறப் பெயின்ட் துணுக்குகள் இருந்தன. சைக்கிள் யாருடையது என்று லதாவுக்குத் தெரியவில்லை.

மீன் கூடைக்காரர்களிடம் விசாரித்ததில் கன்னியம்மா கிடைத்தாள்.

"எங்க ஆளு வண்டி சார் அது," என்றாள். "தைப்பூசத்தன்னிக்கு எவனோ காருல அட்ச்சிட்டு நிக்காம பூட்டான். ஆளு போச்சு, வண்டிதான் கீது. அத்த வச்சித்தான் நான் கூடை தூக்கணும். ரிப்பேர் பண்ணித் தரேன்னு சொன்னாரு. சைடு கேட்டு வழியா வந்து அவருகிட்ட குட்த்துட்டுப் போனேன். அன்னிக்கே இப்டி ஆயிப்போச்சு. சாவு வூட்ல போயி வண்டியக் கேக்க மனசு வர்ல."

அடுத்து ராஜாராம் பிரேதப் பரிசோதனை செய்த டாக்டரைப் பார்த்தார். அடிபட்டதும் கேசவனின் உயிர் போகவில்லை, ஒரு மணி நேரமாவது இருந்திருக்கும் என்றார் டாக்டர். அதை லதாவிடம் சொல்ல வேண்டாம் என்று ராஜாராம் சியாமளாவைக் கேட்டுக்கொண்டார்.

ஞாயிறன்று அந்தக் கொட்டகையிலேயே எல்லோரும் கூடினார்கள். லதா, கன்னியம்மா, பரணிதரன், இன்ஸ்பெக்டர் மோசஸ். கன்னியம்மா யார் என்று சொல்லாமல், பரணிதரனிடம் அன்றைக்கு நடந்ததை ராஜாராம் மரியாதையாகவே கேட்டார். அன்றைக்குத் தான் கொட்டகைப் பக்கமே வரவில்லை என்றான் அவன். லதா போன் செய்த பிறகு நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் போனானாம்.

"மீன்காரம்மா சைக்கிளைப் போய் மேல மாட்டியிருக்கான் பாருங்க," என்றான். "அது என்ன கனம்."

லதா தலையை நிமிர்த்தினாள். "அன்னிக்கு அது யார் சைக்கிள்னு எனக்கே தெரியாதே. சைக்கிள் விழுந்துடுச்சுன்னு மட்டும்தானே சொன்னேன்?"

ராஜாராம் பேசத் தொடங்கினார்.

"கொக்கி பிடுங்கிக்கிட்டு வரல, கையால திருகிக் கழற்றியிருக்காங்க. இந்த சைக்கிள் அதுல தொங்கவே இல்லை. தொங்கினது அந்தப் பந்தய சைக்கிள். அதை இறக்கித் தரையில வெச்சது கேசவன் இல்லை, அவர் ஒருநாளும் அப்படி வைக்கமாட்டார். மட்கார்டுல மெரூன் பெயின்டைப் பார்த்ததும் அது தினமும் ஆபீஸ்ல பார்க்கிற உங்க மெரூன் கார்தான்னு அவருக்குப் புரிஞ்சிருக்கு. போலீஸுக்குப் போகாம உங்களுக்குத்தான் முதல்ல போன் செஞ்சார். நண்பர் தானாகவே சரணடையட்டும்னு நினைச்சிருப்பார். நீங்க சைடு கேட் வழியா வந்து அவரை அடிச்சீங்க. பெயின்டைத் தேய்ச்சிட்டு, நசுங்கினதுக்குக் காரணம் காட்ட அதே சைக்கிளை அவர்மேல தள்ளினீங்க. கேரியருக்கு அடியில இருந்த பெயின்ட் உங்க காரோட ஒத்துப்போகுதுன்னு நேத்து ரிப்போர்ட் வந்தாச்சு."

பரணிதரன் அதன்பின் மறைக்கவில்லை. கேசவன் ஒருநாள் அவகாசம் கொடுத்தாராம். வேலை போகும், மகள் தெருவில் நிற்பாள் என்று கெஞ்சியிருக்கிறான். கேசவன் மசியாமல் திரும்பிக்கொண்டபோது மேசைமேல் இருந்த சுத்தியலை எடுத்திருக்கிறான்.

ராஜாராம் அதோடு நிறுத்திக்கொள்ளப் பார்த்தார். ஆனால் லதா கேட்டுவிட்டாள்.

"அப்புறம் ஏன் முன்பக்கம் வந்து உட்கார்ந்தீங்க?"

"மூச்சு இருந்துச்சு," என்றான் பரணிதரன். "நீங்க பின்னாடி போயிருந்தா அவன் பிழைச்சிருப்பான். அதான் காபி கேட்டேன்."

சியாமளா லதாவின் தோளைப் பிடித்தாள். லதா அந்தக் கையை மெதுவாக எடுத்துவிட்டாள். மோசஸ் ஜீப்பைக் கொண்டுவரச் சொல்லி ஆள் அனுப்பினார். அதுவரை சுவரோரம் நின்றிருந்த கன்னியம்மா முன்னால் வந்தாள்.

"காரை நிறுத்தி எறங்கிப் பாத்தியா?" என்று பரணிதரனைக் கேட்டாள். "எங்க ஆளுக்கும் மூச்சு இருந்திச்சா?"

பதிலுக்காக அவன் எதிரே நின்றுகொண்டே இருந்தாள். ஜீப் வந்து, மோசஸ் அவன் கையைப் பிடித்த பிறகுதான், அவள் முகத்தைப் பார்க்காமல், இருந்தது என்றான்.