ஃப்ரீஸ் காலத்துச் சாரல்

"இனிமே புது வெர்ஷன் எதுவும் உள்ள வராது. ஃப்ரீஸ் விழுந்தாச்சுல்லா... ரிலீஸ் ஆகுற வரைக்கும் காத்துக் கெடங்க."

பக்கத்தில் நின்ற யாரோ ஒருவன் போனில் இப்படிச் சொல்லவும், சங்கரேஸ்வரிக்கு உச்சந்தலையில் தீப்பிடித்தது.

ஏற்கெனவே எரிந்துகொண்டுதான் இருந்தாள். குற்றாலத்துக்கு வரமாட்டேன் என்று தலைகீழாக நின்றவளை, "ஏட்டி, அருவியில ஒருநாள் நின்னாத்தான் உன் சூடு தணியும்" என்று இலஞ்சியிலிருந்து இழுத்து வந்தவள் அண்ணன் மனைவி ஆனந்தவள்ளி மைனி. வந்தால் மெயின் அருவியில் வெள்ளம்... குளிக்கத் தடை. சிப்ஸ் கடைத் தகரக் கூரைக்கு அடியில் சங்கரியை ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டு, மைனி மங்குஸ்தான் வாங்கப் போய்விட்டாள். மடியில் லேப்டாப் பை. முகத்தில் சாரல். மூக்கில் தேங்காய் எண்ணெய் காயும் வாசம். காதில் இந்தப் பாழாய்ப்போன ஃப்ரீஸ்.

சங்கரிக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. அதைப் பற்றி அவளுக்குக் கோபம் எதுவும் இல்லை. கோபமெல்லாம் லேப்டாப்பில் இருக்கும் தமிழ்க் குரல் மேல்தான்.

திரையில் இருப்பதை அந்தக் குரல்தான் அவளுக்கு வாசித்துக் காட்டும். பழைய லேப்டாப்பில் கிளி மாதிரி பேசியது. லேப்டாப்பை இயக்குகிற லினக்ஸின் பழைய பதிப்பு புது லேப்டாப்புக்கு ஒத்து வரவில்லை என்று, அதே குரலைக் கேட்டு வேலை செய்கிற ஆய்க்குடி நண்பன் செல்லச்சாமி இனிமேல் வெளிவரப் போகிற பதிப்பைப் போட்டுக் கொடுத்தான். அன்றைக்குப் பிடித்தது சனி. பாதி வரி வாசிக்கும்... அப்படியே வாயை மூடிக்கொள்ளும். வருகிற வெள்ளிக்கிழமை சென்னைக் கம்பெனி ஒன்று டெஸ்ட் வைத்திருக்கிறது. பேட்டிகளைக் கேட்டு டைப் அடித்துத் திருத்துகிற வேலை, வீட்டிலிருந்தே பார்க்கலாம். கிடைத்தால் சொந்தக் காலில் நிற்பாள். இல்லையென்றால் அண்ணனின் பைப் கடையில் உட்கார்ந்து போன் எடுக்க வேண்டியதுதான்.

குரலின் புது வெர்ஷனில் அந்தக் கோளாறு இல்லையாம். ஆனால் உள்ளே விடமாட்டார்களாம். உலகம் பூராவும் உட்கார்ந்து காசு வாங்காமல் உழைக்கிறவர்கள் கட்டுகிற லினக்ஸ் அது. வெளியிடும் நாள் நெருங்கினால், புதிதாக எதுவும் வந்து கெடுத்துவிடக் கூடாது என்று கதவைப் பூட்டிவிடுவார்கள். அதுதான் ஃப்ரீஸ். டெஸ்ட், வேலை எல்லாவற்றையும் சொல்லி அவள் பணிவாக எழுதிப் பார்த்தாள், கோபமாகவும் எழுதிப் பார்த்தாள். தமிழ்க் குரலைக் கவனிக்கிற எம். செல்வம் என்ற மகானுபாவன், "எனக்கு இங்கே சரியாகத்தான் பேசுகிறது, ஸ்கிரீன்ஷாட் அனுப்பவும்" என்று ஒரு தடவை எழுதினான். அடுத்த தடவை, "ஃப்ரீஸ்." அவ்வளவுதான். புகாரையும் மூடிவிட்டான்.

"ஏங்க..." என்றாள் சங்கரி. "லினக்ஸ் ஃப்ரீஸைப் பத்தியா பேசுனிய?"

"ஆமா." சிரித்தான். லேசாகக் கரகரத்த குரல்... மழையில் நனைந்து சளி பிடித்திருக்க வேண்டும். "குத்தாலத்துல வந்து இதைக் கேக்க ஒரு ஆளா? நான் அதுல நாலஞ்சு புரோகிராமைப் பாத்துக்கிடுதேன். சம்பளம் கிடையாது, ஏச்சு மட்டும் உண்டு."

"தமிழ்க் குரலைப் பாக்குறது யாரு? எம். செல்வமாமே..."

"நான்தான். மாரிச்செல்வம். அச்சன்புதூரு."

அடடா. வலை வீசாமலே மீன் வந்து மடியில் விழுந்துவிட்டது.

"நல்லா இருப்பிய. இத்தனை நாளா உங்களைத்தான் ஏசிக்கிட்டு இருக்கேன்."

அவன் ஒரு எட்டு கிட்டே வந்தான். அப்புறம், "சங்கரேஸ்வரியா? என்னைப் பொறுப்பில்லாத மனுசன்னு எழுதினது?"

"அதுக்கு மேலயும் எழுதத் தெரியும். மைனி பக்கத்துல இருந்தா, அதான் விட்டேன்."

"இங்க பாருங்க, எல்லாருக்கும் ஒரே ரூலுதான். கடைசி நேரத்துல ஒண்ணை உள்ள விட்டா மொத்தமும் கவுந்துரும். அந்தா, அருவிக்கு முன்னால கயிறு கட்டலையா? வெள்ளம் வந்தா நிறுத்தத்தான செய்வாக?"

"கயிறு கட்டுன போலீஸ்காரரு அங்கனயே நனைஞ்சுக்கிட்டு நின்னு, கேக்குறவுகளுக்கெல்லாம் பதில் சொல்லுதாரு. நீங்க கதவைச் சாத்திட்டுல்லா போயிட்டிய."

சிப்ஸ் வாங்க வந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்கள். அவனுக்கும் ரோஷம் வந்துவிட்டது.

"ஸ்கிரீன்ஷாட் கேட்டேன்லா? அனுப்புனியளா?"

"சத்தம் நின்னு போச்சுன்னு எழுதினேன். நின்னுபோன சத்தத்தை எப்படிப் படம் பிடிக்க? அதுவும் நான்?"

பையிலிருந்து மடக்கி வைத்திருந்த வெள்ளைக் கம்பை எடுத்து விரித்து, தரையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள்.

சங்கரிக்குத் தெரியும், இனி என்ன வரும் என்று. குரல் பஞ்சு மாதிரி ஆகிவிடும். அச்சோ, தெரியாமப் போச்சும்மா என்பான். பிறந்ததிலிருந்து கேட்டுப் புளித்த குரல் அது...

"ஸ்கிரீன்ஷாட் கேட்டது என் மடத்தனம்தான்" என்றான் மாரிச்செல்வம். "ஆனா ஃப்ரீஸைப் பத்திச் சொன்னது சொன்னதுதான். அதுல மாத்தம் இல்ல."

அதே சத்தம். அதே திமிர். ஒரு இம்மி குறையவில்லை.

அவளுக்கு வந்த ஆத்திரத்தில் கம்பாலேயே ஒன்று போடலாம் போலிருந்தது. கூடவே, நெஞ்சுக்குள் எங்கேயோ ஒரு துளி சாரல் விழுந்த மாதிரியும் இருந்தது... இவன் ஒருத்தனாவது என்னோடு சரிக்குச் சமமாகச் சண்டை போடுகிறானே. சீ, என்ன நினைப்பு இது என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

"லேப்டாப் கையிலதான் இருக்கா? பேசச் சொல்லுங்க, கேப்போம்."

திறந்தாள். அவன் ஏதோ தட்டினான். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் பண்ண வைத்த பழைய செய்யுள் ஒன்று. குரல் கடைசிச் சொல் வரைக்கும் அட்சரம் பிசகாமல் வாசித்தது.

"கேட்டியளா? இதை வச்சித்தான் நானும் பாத்தேன். ஒரு கோளாறும் இல்ல."

"செய்யுளா?" சங்கரிக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. "தென்காசி பஸ் ஸ்டாண்டுல நின்னு யாரு செய்யுள்ல பேசுதா? தள்ளும் அங்கிட்டு."

மரியாதை 'நீங்க'விலிருந்து 'நீரு'க்கு இறங்கியதை அவளே கவனிக்கவில்லை. நாளைக்கு ஆபீஸ் மீட்டிங், லேட் ஆகாம வா என்று அடித்தாள். ஆபீசையும் மீட்டிங்கையும் எல்லாரும் அடிப்பதுபோல இங்கிலீஷ் எழுத்திலேயே அடித்தாள். குரல் 'நாளைக்கு' என்றது... அதோடு சரி. செத்த பாம்பு மாதிரி கிடந்தது.

இன்னொரு வரி. அதுவும் இங்கிலீஷ் எழுத்து வந்த இடத்தில் நின்றது. இன்னொன்று. அங்கேயும்தான்.

"சண்டாளி..." என்று மெல்லச் சொன்னான். அவளையா, குரலையா தெரியவில்லை. "ரெண்டு பாஷையும் ஒரே வரியில வந்தா நிக்குது. நான் அப்படி அடிச்சுப் பாக்கவே இல்ல. நான் எழுதுறதே அப்படித்தான்... ஆனா டெஸ்ட் பண்ணும்போது மட்டும் சுத்தத் தமிழு."

"இப்பமாவது புது வெர்ஷனை விடுவீரா?"

"முழுசா விட முடியாது. அதுல நூறு மாத்தம் இருக்கும். இந்தக் கோளாறை மட்டும் சரி பண்ண நாலு வரி போதும். அதுக்கு ரிலீஸ் டீமுகிட்ட விதிவிலக்கு கேக்கணும்." நிறுத்தினான். "நான் எப்படிக் கேக்க? கேட்டவன் எல்லாரையும் விரட்டுனதே நான்தான். போன வாரம் ஒரு ஜெர்மன்காரனை, எல்லாரும் படிக்கிற இடத்துல, உனக்கு வெக்கமா இல்லையான்னு கேட்டுட்டேன்."

"ஊருக்குத்தான் உபதேசமா?"

"ஒண்ணு செய்யுதேன். அந்த நாலு வரியைப் போட்டு உங்க லேப்டாப்புக்கு மட்டும் இப்பமே ஏத்தித் தாரேன். யாரையும் கேக்க வேண்டாம். டெஸ்டை எழுதிருவிய."

சங்கரி லேப்டாப்பைப் பட்டென்று மூடினாள்.

"எனக்கு மட்டுமா? செல்லச்சாமிக்கு? இதே குரலை நம்பிக் கெடக்குற மத்தவங்களுக்கு? உம்ம மானம் போயிரக் கூடாது, அதுக்கு எனக்கு இனாம் குடுத்து வாயை அடைக்கப் பாக்குறீரு. வேண்டாம். எல்லாருக்கும் வந்தா எனக்கும் வரட்டும்."

"வேலை போயிரும்லா..."

"போட்டும். என் வேலை, என் பாடு."

அவன் செருப்புச் சத்தம் மழைக்குள் இறங்கிப் போனது. மங்குஸ்தானோடு வந்த மைனி, "யாருட்டி அந்தப் பையன்? மூஞ்சி செவந்துல்லா போறான்" என்றாள். சங்கரி லேப்டாப்பைப் பைக்குள் திணித்தாள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அழுகை வந்தது. என்ன வீம்பு இது? கையில் கிடைத்ததை வாங்கிக்கொண்டு டெஸ்டை எழுதிவிட்டு அப்புறம் நியாயம் பேசியிருக்கலாம். அண்ணன் கடையில் உட்கார்ந்து "அரை இஞ்சு எல்போ ஸ்டாக் இருக்கு" என்று சொல்லப் போகிற வாய்க்கு நியாயம் ஒரு கேடா... தன்னைத் திட்டினாள். அவனைத் திட்டினாள். இரண்டு நாள் வீட்டில் யாரும் அவள் பக்கம் போகவில்லை.

மூன்றாம் நாள் மெயில் வந்தது. எல்லாரும் படிக்கிற அந்தப் பொது இடத்தில், மூடியிருந்த புகாரை மறுபடியும் திறந்திருந்தான். இங்கிலீஷில் எழுதியிருந்ததால் குரல் தடங்கலில்லாமல் வாசித்தது. 'இதை நான் தவறாக மூடிவிட்டேன். பழைய செய்யுளை வைத்துச் சோதித்தேன். மனிதர்கள் எழுதுவது போல எழுதிச் சோதிக்கவில்லை. நாலு வரித் திருத்தத்துக்கு விதிவிலக்குக் கேட்கிறேன்.'

அதற்குக் கீழே அந்த ஜெர்மன்காரன், விடுவானா? 'உனக்கு வெட்கமாக இல்லையா?' என்று கேட்டிருந்தான்.

அதற்கும் மாரிச்செல்வம் பதில் போட்டிருந்தான். 'இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன்.'

சங்கரி அந்த ஒரு வரியை மறுபடி வாசிக்க விட்டாள். மறுபடியும்... கன்னம் சூடாகிவிட்டது. பாவி மனுசன். இப்படியா செய்வான்? கோபப்படக்கூட விடமாட்டேன் என்கிறானே.

அனுமதி கிடைத்தது. டெஸ்டுக்கு முந்தின நாள் அப்டேட் வந்து இறங்கியது. அவளுக்கு, செல்லச்சாமிக்கு, எல்லாருக்கும். ஆபீஸ், மீட்டிங், லேட் எல்லாவற்றையும் குரல் தண்ணீராக வாசித்தது. வெள்ளிக்கிழமை அவள் எழுதினாள். அடுத்த வாரமே சென்னையிலிருந்து போன் வந்தது... ஒன்றாம் தேதி சேரலாம் என்று.

உடனே புகாரின் கீழ் எழுதினாள். 'குரல் சரியாகிவிட்டது. எனக்கு வேலை கிடைத்துவிட்டது. நன்றி. புகாரை மூடிவிடலாம்.'

பதில் இல்லை. புகாரையும் மூடவில்லை. மறுபடி எழுதினாள். அதற்கும் பதில் வரவில்லை. மூன்றாம் தடவை எழுதும்போது நன்றி எல்லாம் போய், பழைய சங்கரேஸ்வரி வந்துவிட்டாள்.

அதற்கு மறுநாள் காலையில்தான், "ஏட்டி, குத்தாலத்துல உன்கூட மல்லுக்கு நின்னவன் வாசல்ல நிக்கான்" என்றாள் மைனி. உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டு, காப்பி போடுகிறேன் என்று நழுவியும் விட்டாள். வெளியே பொடிப்பொடியாய்ச் சாரல்... உள்ளே அவன் சட்டையின் ஈர வாசம்.

"வீடு எப்படித் தெரிஞ்சுது?"

"புகாருல ஊரு பேரு போட்டிருந்தியள்லா? இலஞ்சியில இறங்கி, கோவக்காரப் புள்ள வீடு எதுன்னு கேட்டேன். பால்காரரு வாசல் வரைக்கும் கொண்டாந்து விட்டுட்டாரு."

"நல்லா கேட்டீரு." சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அடக்கியதும் கோபம் பொங்கியது. "மூணு தடவை எழுதினேன். ஒரு பதில் உண்டா? என்ன ஆளுவே நீரு? குரல்ல இன்னும் கோளாறு இருக்கா?"

"இல்ல."

"அப்ப ஏன் மூடல?"

"மூட மனசு வரல."

"ஏன்?"

"மூடிட்டா நீங்க எழுத மாட்டியளே..." கரகரத்த குரல் இப்போதுதான் முதல்தடவையாகத் தடுமாறியது. "வையுறதுக்காவது எழுதுவியன்னு பதில் போடாம இருந்தேன். தினமும் மெயிலைத் தொறந்து தொறந்து பாப்பேன். உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. இனாமா குடுத்ததை மூஞ்சியிலேயே திருப்பி வீசுனியள்லா... அங்கனயே பிடிச்சிப் போச்சு."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது.

சங்கரி சட்டென்று எழுந்துவிட்டாள். சந்தோஷமா? ஆத்திரமா? அவளுக்கு எந்தக் காலத்தில் இரண்டும் தனித்தனியாக வந்திருக்கிறது?

"உமக்கு வெளையாட்டா இருந்துச்சு" என்றாள். "நான் என்ன நெனைச்சேன் தெரியுமா? வேலை முடிஞ்சுது, மறந்துட்டீருன்னு நெனைச்சேன். ஒரு வாரமா சோறு எறங்கல எனக்கு. வேணும்னா மைனிகிட்ட கேளும்."

"ஆமா தம்பி" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "இவ மிச்சம் வச்சதையெல்லாம் நான்தான் தின்னு தீக்கேன்."

சொல்லிவிட்டோமே என்று அப்போதுதான் சங்கரிக்கு உறைத்தது. முகத்தைத் தாவணித் தலைப்பால் மூடலாம் என்றால், அவள் சுடிதாரில் இருந்தாள். துப்பட்டாவை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். எதிரே அவன் மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்டது.

"அப்ப... நான் என்ன செய்யட்டும்?" என்றான் மாரிச்செல்வம், ரொம்ப மெதுவாக.

"போயி முதல்ல அதை மூடும். ஊரே படிக்குது, அசிங்கமா இருக்கு. மூடிட்டு உங்க அம்மாவைக் கூட்டிட்டு வாரும். பேச எங்க அண்ணன் இருக்கான். காப்பி போட மைனி இருக்கா."

"நீங்க?"

"சண்டை போட நான் இருக்கேன்லா."