சுறா வாயைக் கட்ட ஓர் ஆள்

அந்தப் பாழாய்ப்போன இங்கிலீஷ் படத்துக்கு ஏழு வயது பாஸ்கலைக் கூட்டிப் போயிருக்கவே கூடாது. திரையில் ஒரு வெள்ளைச் சுறா வாயைப் பிளந்ததுதான் தாமதம், அக்கா செசிலியின் மடியில் ஏறிக்கொண்டான். படம் முடியும்வரை இறங்கவே இல்லை.

மறுநாள் விடிந்ததும் வீட்டில் ஒரே அமளி. அப்பா ரோச் கடலில் முங்கிச் சங்கு எடுப்பவர். தண்ணீருக்குள் கண் தெரிய அவர் மாட்டிக்கொள்ளும் கண்ணாடியைக் காணோம்!

"ஏளா செசிலி, எங்கன வச்சேன்? வள்ளம் கிளம்பப் போவுது. நான் போகலைன்னா வேற ஆளை ஏத்திருவாங்க. பொறவு இந்த சீசன் முழுக்க அவன்தான்!"

அம்மாவுக்குக் குழந்தை பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. இந்த நேரத்தில் அப்பாவுக்கு வேலை போனால் அவ்வளவுதான்.

செசிலி சுற்றிலும் பார்த்தாள். பாப்பா அம்மா மடியில் இருந்தாள். ஆனாலும் சேலைத் தொட்டில் கனமாகத் தொங்கியது. அதன் பக்கத்தில் பாஸ்கல், ஒன்றும் தெரியாதவன் போல உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

அப்பாவிடம் சொன்னால் அவனுக்கு அடி விழும். செசிலி அவன் அருகில் போய் உட்கார்ந்தாள்.

"ஏம்ல ஒளிச்சு வச்ச?"

பாஸ்கலின் கண் நிறைந்துவிட்டது. "அப்பாவைச் சுறா தின்னுரும்க்கா. முத்துக் குளிச்ச காலத்துல, மந்திரம் சொல்லிச் சுறா வாயைக் கட்டுத ஆள் கரையில நிப்பாராமே. இப்போ யாரு நிக்கா?"

செசிலிக்குப் பாவமாக இருந்தது. அவன் தட்டைப் பார்த்ததும் சிரிப்பும் வந்தது. பிள்ளை பெற்ற அம்மாவுக்குப் பால் ஊறட்டும் என்று செய்த சுறாப்புட்டு. அதில் பாதி இவன் தட்டில்!

"ஏலே, நம்ம வீட்டுல யாரையாவது சுறா தின்னுருக்கா?"

"இல்ல."

"நீ எத்தனை சுறா தின்னுருக்க?"

பாஸ்கல் விரல்களை மடக்கிப் பார்த்தான். விரல்கள் போதவில்லை.

"சுறா வாயைக் கட்ட ஆள் தேடுதியே, உன் வாயைக் கட்ட அது யாரைத் தேடும்?"

மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. பாஸ்கல் தட்டையே பார்த்தான்.

"பாவம்லாக்கா அது!"

எழுந்து போய்த் தொட்டிலுக்குள் கையை விட்டான். "அப்பா, இங்கன கிடக்கு!"

"தொட்டிலுக்குள்ளயா? பாப்பாவும் சங்கு எடுக்கப் போறாளாக்கும்!" அப்பா சிரித்தபடி கண்ணாடியை வாங்கிக்கொண்டு ஓடினார். "பயப்படாதல, வந்துருவேன்!"

சாயங்காலம் வள்ளம் வரும்வரை பாஸ்கல் கரையைவிட்டு நகரவில்லை. அப்பா இறங்கியதும் காலைக் கட்டிக்கொண்டான்.

"சுறா வந்துச்சாப்பா?"

"ஒண்ணு வந்துச்சு. என்னைக் கண்டதும் வாலைத் திருப்பிட்டு ஒரே ஓட்டம்."

பாஸ்கல் அக்காவைப் பார்த்தான். அது ஏன் ஓடியது என்று அவனுக்குத் தெரியாதா என்ன?

மறுநாள் காலை கண்ணாடியை அவனே எடுத்துக் கொடுத்தான். வள்ளம் நகர்ந்ததும், கைகளை வாயருகே குவித்துக்கொண்டு கத்தினான்:

"அப்பா! அந்தச் சுறாவைப் பயப்படாண்டாம்னு சொல்லுங்க! இன்னைக்கு நம்ம வீட்டுல கத்தரிக்காய்தான்!"