இடப்பக்கம் பழசு

அந்தச் சின்ன உறைக்குள் சுழல்வதற்கு எதுவும் கிடையாது, அதனால் சத்தமே வராது என்று அவள் தம்பியின் சிநேகிதன் வாத்து சொல்லியிருந்தான். ஆனால் சத்தம் வந்தது. லேப்டாப்பிலிருந்து நீண்ட ஒரு சாண் வயரின் நுனியில், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் நீளமாகக் கிடந்த அந்தப் புது டிஸ்க்கை எடுத்து அவள் காதோரம் வைத்துப் பார்த்தாள். இரைச்சல் என்று சொல்ல முடியாது, முணுமுணுப்பும் இல்லை. யாரும் இன்னும் குடிவராத வீட்டின் கதவைத் திறந்து, செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் ஒரு நொடி நின்றால் உள்ளேயிருந்து வருமே, சுவரும் தரையும் சேர்ந்து விடுகிற மூச்சு மாதிரி ஒன்று, அதுதான்.

புதுசு, அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டே அதைத் திரும்ப மேசையில் வைத்தாள். தனியாக இருக்கிறவர்கள் பாவம் இப்படித்தான். கேள்வியும் அவர்களே கேட்டு, பதிலும் அவர்களே சொல்லிக்கொள்வார்கள்.

ஞாயிற்றுக்கிழமை, மதியம் மூன்று மணி. ஜன்னலுக்கு வெளியே வானம் அழுக்குத் துணி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. அந்த அறை அவளுடைய தம்பியின் அறை. எட்டு மாதத்துக்கு முன்னால் வேலைக்குப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. முப்பத்தொன்பது வயது. கல்யாணம் இரண்டு பேருக்குமே கூடிவராமல், நீயும் நானும்தான் என்று ஒரே வீட்டில் இருந்துவிட்டார்கள். அவள் மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள். இருபத்தாறு வருடமாக அரிசிமணியில் பாதி இருக்கிற ஸ்க்ரூக்களோடு குடித்தனம். அவனுக்கு வேலை முடிந்து வந்தால் லேப்டாப் விளையாட்டு. செங்கல் கனத்தில், கீபோர்டு எழுத்துகளுக்கு அடியில் சிவப்பு விளக்கெரியும் அந்த லேப்டாப்பைப் பார்த்து, இதைக் கட்டிக்கொண்டு அழு என்று எத்தனையோ தரம் திட்டியிருக்கிறாள்.

இப்போது அதைக் கட்டிக்கொண்டு அழுவது அவள்தான். போனில் பேசுவதென்றாலே தம்பிக்கு ஆகாது. குரலைப் பதிந்து அனுப்புகிற பழக்கமும் இல்லை. ஆனால் விளையாடும்போது விளையாட்டையும் தன் பேச்சையும் சேர்த்து வீடியோவாகப் பதிந்து வைத்திருந்தான். திரையின் மூலையில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் அவன் முகமும், பின்னால் இந்த அறையும் தெரியும். மொத்தம் நாற்பத்தொன்று. உலகத்தில் அவன் குரல் மிச்சமிருந்தது அந்த நாற்பத்தொன்றில் மட்டும். தினமும் சாயங்காலம் கடையிலிருந்து வந்து தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு ஒன்றைப் பார்ப்பாள். பதினேழாவது அவளுக்கு மனப்பாடம். விளையாட்டில் சுட்டுக்கொண்டே, "அக்கா, இதோ வரேன், ரெண்டே நிமிஷம்" என்பான். கதவு திறந்து அவளே தட்டோடு வருவாள். "உன் ரெண்டு நிமிஷம் எனக்குத் தெரியாதா" என்று தட்டை வைத்துவிட்டுப் போவாள். அவன் சிரிப்பான். அந்தச் சிரிப்புக்காகவே அதை அடிக்கடி போடுவாள்.

போன மாதம் வீடியோக்கள் திக்க ஆரம்பித்தன. வாத்துதான் தூரத்திலிருந்தபடியே இன்டர்நெட் வழியாக லேப்டாப்பைப் பார்த்துச் சொன்னான். வாத்து என்பது தம்பியோடு சேர்ந்து விளையாடிய பையன். வேறு ஊரில் ஒரு மருத்துவமனைப் பரிசோதனைக்கூடத்தில் வேலை. நேரில் பார்த்ததே கிடையாது. விளையாட்டில் அவன் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்துத் தம்பி வைத்த பெயர் அது, அவளுக்கும் அப்படியே பழகிவிட்டது. டிஸ்க் சாகப் போகுது அக்கா என்று வாய்தவறிச் சொல்லிவிட்டு, உடனே பழசாயிடுச்சு என்று திருத்திக்கொண்டான். பெரிய டிஸ்க்காகப் புதிது ஒன்று வாங்கி எல்லாவற்றையும் அதற்கு நகல் எடுத்துவிடலாம், அப்படியே மெமரியையும் இரண்டு மடங்காக மாற்றிவிட்டால் வேகமாக இருக்கும் என்றான். கடைக்காரர்கள் செய்து தருவார்கள்தான். ஆனால் தம்பியின் லேப்டாப் யாரோ ஒருவர் மேசையில் வயிறு திறந்து கிடப்பதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அதனால் அன்றைக்கு அவளே உட்கார்ந்தாள். போனில் வாத்து சொல்லச் சொல்ல, பின்பக்க மூடியைக் கழற்றி, பேட்டரி வயரைப் பிடுங்கி, பழைய மெமரிப் பட்டைகள் இரண்டையும் பக்கத்துக் கொக்கியை விலக்கி எடுத்து, புதியவற்றைச் சாய்வாக நுழைத்து அமுக்கினாள். டக், டக். கையில் நடுக்கமே இல்லை. நான் செஞ்சிருந்தா ரெண்டு ஸ்க்ரூ மிஞ்சியிருக்கும் என்று வாத்து சிரித்தான். பேட்டரி வயரைத் திரும்பச் சொருகி மூடியை மாட்டினாள். புது டிஸ்க்கை உறையில் போட்டு வயரில் சொருகினாள். நகல் எடுக்கும் திரையில் டிஸ்க்குக்கு ஒன்றாக இரண்டு பெட்டிகள் வந்தன. வாத்துக்கு வேலைக்குப் போகிற நேரம் ஆகிவிட்டது.

"இடப்பக்கம் பழசு, வலப்பக்கம் புதுசு. அப்படி வச்சிட்டு ஆரம்பிச்சிடுங்க அக்கா. முடியற வரைக்கும் தொடாதீங்க. அஞ்சரைக்குக் கூப்பிடறேன்."

வைத்தாள். சேரும் டிஸ்க்கில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று திரை கேட்டது. காலி டிஸ்க்கில் அழிய என்ன இருக்கிறது. சம்மதம் என்று அமுக்கினாள். மூன்று மணி நேரம் ஆகும் என்றது. அப்போது மணி இரண்டு.

கோடு நகர்ந்துகொண்டிருந்தது. அவள் நாற்காலியில் சாய்ந்து, பாதித் தூக்கமும் பாதிக் காவலுமாக இருந்தாள். எப்போதென்று தெரியவில்லை, மாடி வீட்டில் நாற்காலி இழுக்கிற சத்தம் நின்றிருந்தது. ஞாயிற்றுக்கிழமையில் அந்த வீட்டுப் பிள்ளைகள் ஒரு நிமிடம் சும்மா இருக்க மாட்டார்கள். அப்புறம் லிஃப்ட். அரைமணிக்கு ஒருதரமாவது முக்கிக்கொண்டு ஏறுகிற லிஃப்ட்டை ரொம்ப நேரமாகக் கேட்கவில்லை. தெருவில் வண்டி ஏதும் போகவில்லை. மழை வரப்போகிறது, எல்லோரும் உள்ளே அடைந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டாள். மேலே மின்விசிறி மட்டும் சுற்றியது.

ஆணியில் தொங்கிய தம்பியின் ஹெட்போனை எடுத்து மூக்கருகே வைத்தாள். இந்த எட்டு மாதமும் அவள் ரகசியமாகச் செய்துவந்த காரியம் அது. காது வைக்கும் பஞ்சில் அவன் தலைமுடி வாசனை அப்படியே இருக்கும். கொஞ்சம் எண்ணெய், கொஞ்சம் வியர்வை, கொஞ்சம் அவன்.

பிளாஸ்டிக் வாசனை வந்தது. கடையில் புதுப்பெட்டி பிரித்தால் வருமே, அது. திரும்ப முகர்ந்தாள். அதேதான்.

ஐந்து மணிக்கு நூறு சதவீதம் என்றது திரை. ரீஸ்டார்ட் செய்து, எல்லாம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பழைய டிஸ்க்கைக் கழற்ற வேண்டும் என்பது வாத்துவின் கட்டளை. செய்தாள். லேப்டாப் சட்டென்று எழுந்து நின்றது. வீடியோக்கள் இருக்கும் இடத்தைத் திறந்து விரல் வைத்து எண்ணினாள். நாற்பத்தொன்று. ஒன்றும் குறையவில்லை. அப்பாடா என்று முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள்.

பதினேழைப் போட்டாள்.

விளையாட்டு ஓடியது. திக்கவில்லை. கீபோர்டு தட்டப்படும் சத்தம் தெளிவாகக் கேட்டது. அவன் பேசுகிற இடம் வந்தது. பேச்சு இல்லை. கீபோர்டுச் சத்தம் மட்டும். ஒலியைக் கூட்டினாள். மின்விசிறிச் சத்தம் கூடியது. மூலையிலிருந்த சின்னக் கட்டத்தைப் பார்த்தாள். அறை இருந்தது. நாற்காலி இருந்தது. நாற்காலியில் யாரும் இல்லை.

கதவு திறந்தது. யாரும் வரவில்லை. கதவு மூடியது. மேசையில் தட்டு இருந்தது.

மூன்றாவதைப் போட்டாள். காலி நாற்காலி. இருபத்திரண்டு. காலி. நாற்பத்தொன்று. விளையாட்டு ஓடுகிறது, யாரோ ஜெயிக்கிறார்கள், யாரும் இல்லை.

போன் அடித்தது. ஒலிபெருக்கியில் போட்டு மேசையில் வைத்தாள். நடந்ததைத் தட்டுத்தடுமாறிச் சொன்னாள். வாத்து பொறுமையாகக் கேட்டான்.

"அக்கா, பதறாதீங்க. பழச எந்தப் பக்கம் வச்சீங்க?"

"இடப்பக்கம். நீ சொன்ன மாதிரி."

"உங்க இடது கைப் பக்கம்தானே?"

அவள் திரையைப் பார்த்தாள். இருபத்தாறு வருடமாகக் கடையில் எதிரில் ஒரு முகம் உட்கார்ந்தால் அதன் இடது கண் அவளுடைய வலது கைப் பக்கம். யோசித்துச் செய்வதில்லை, கை தானாகப் போகும். திரையும் எதிரில்தான் உட்கார்ந்திருந்தது. கை தானாகப் போயிருந்தது.

"மாத்தி வச்சிட்டேன்டா," என்றாள். "காலிய எடுத்து அவன் மேல போட்டுட்டேன்."



"அக்கா, அப்படின்னா லேப்டாப் ஆனே ஆகியிருக்கக் கூடாது. உள்ள ஒண்ணுமே இருக்காது. அதுவும்போக, காலி டிஸ்க்க நகல் எடுக்க ரெண்டு நிமிஷம்தான் ஆகும். மூணு மணி நேரமா அதுலேர்ந்து என்ன வந்துச்சு?"

அவள் அந்த உறையைப் பார்த்தாள். எனக்கென்னடா தெரியும் என்றாள்.

"அக்கா? லைன்ல இருக்கீங்களா?"

இருக்கேன் என்றாள். இருக்கேன்டா, கேக்குதா என்றாள். இன்னும் சத்தமாகச் சொன்னாள்.

"அக்கா, ஃபேன் சத்தம் மட்டும்தான் கேக்குது. எங்க போனீங்க?"

திரையில் ஏதோ அசைந்தது. வீடியோக்களின் வரிசைக்குக் கீழே இன்னொன்று வந்திருந்தது. நாற்பத்திரண்டு. இன்றைய தேதி. அதன் அளவு ஏறிக்கொண்டே இருந்தது. இப்போது, இந்த நொடி, பதிவாகிக்கொண்டிருந்தது.

திறந்தாள்.

இந்த அறை. இந்த ஜன்னல், இதே அழுக்கு வெளிச்சம். மேசைமேல் அவள் போன். மேசைக்கு முன்னால் நாற்காலி.

காலி.

கையைத் தூக்கினாள். திரையில் கை இல்லை. ஆட்டினாள். இல்லை. குனிந்து தன் கையைப் பார்க்கத் துணிவு வரவில்லை.

திரையில் கதவு திறந்தது.

திரும்பினாள். அவள் முதுகுக்குப் பின்னால் கதவு மூடித்தான் இருந்தது. மறுபடி திரையைப் பார்த்தாள். திறந்த கதவில் தம்பி நின்றான். கடைசியாக வேலைக்குப் போட்டுக்கொண்டு போன அதே கோடுபோட்ட சட்டை. சோர்ந்த முகம். வேலை முடிந்து வந்தவன் மாதிரி.

"அக்கா?"

எட்டு மாதம். அந்த ஒரு சொல்லுக்காக எட்டு மாதம். டேய், இங்க இருக்கேன்டா என்று அவள் தொண்டை கிழியக் கத்தினாள். அவன் அறையைச் சுற்றிப் பார்த்தான். ஜன்னலைப் பார்த்தான். நாற்காலியைப் பார்த்தான். அவள்மேல் அவன் பார்வை எங்கேயும் நிற்கவில்லை.

போனிலிருந்து வாத்துவின் குரல் வந்தது.

"யாரு? டேய். நீயாடா?"

அவள் பேசினது கேட்காதவனுக்குத் தம்பி பேசினது கேட்டிருந்தது.

"நான்தான்டா," என்றான் தம்பி. "அக்கா எங்கடா? வீடெல்லாம் தேடிட்டேன். காணோம்."

"அங்கதான்டா இருந்தாங்க. இப்பதான் என்கிட்ட பேசிட்டிருந்தாங்க."

தம்பி மேசைப் பக்கம் வந்தான். திரையில் மட்டும் வந்தான். நாற்காலிக்கு அருகே நின்று, குனிந்து, அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் உள்ளங்கையை அகலமாக விரித்து வைத்தான். கை தடையில்லாமல் இறங்கி மெத்தையில் பதிந்தது. அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. கை பட்டதுகூடத் தெரியவில்லை.

"இங்க யாரும் இல்லடா," என்றான் அவன். கையை எடுக்கவில்லை. "நாற்காலி மட்டும் சூடா இருக்கு."