அண்ணனின் வில்லை

மின்சாரத்துக்காகக் கண்ணாடிகள் நட்ட ஆடிவயலில் வெயில் கொதித்தாலும் ஆள் யாரும் சுருண்டு விழுவதில்லை. எல்லார் மார்பிலும் கம்பெனி தந்த வெயில்வில்லை ஒட்டியிருக்கும். அதிலிருந்து மருந்தும் ஹார்மோனும் இரத்தத்தில் கசிந்தபடி இருக்கும்.

அது கீழே என்ன செய்யும் என்பதும் எல்லாருக்கும் தெரியும். விரைக்குள் விந்தணுவைத் தாங்கி வளர்க்கும் கண்ணறைகளின், அதாவது செல்களின், பிணைப்பு தளர்ந்துபோகும். பிடி விட்ட அணுக்கள் உருவாகுமுன்னே உதிர்ந்துவிடும். வில்லையைக் கழற்றிவிட்டுச் சில மாதம் இருந்தால் சரியாகும். ஆனால் உடம்புச் சூடு படாத வில்லை உடனே அலுவலகத்துக்குக் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் ஊருக்குப் போகப்போகிறவனின் வில்லையை அறைக்கூட்டாளி வாங்கி ஒட்டிக்கொள்வது அங்கே வழக்கம்.

அண்ணன் சித்திரவேலுக்குக் கல்யாணமாகி வெகுநாளாய்ப் பிள்ளை இல்லை. அவன் நிழல் வேலைக்கு மாறிக்கொள்ள, தம்பி பரணி இரண்டு வில்லைகளையும் சுமந்தான். கம்பெனிப் பரிசோதனையில் கண்ணறைகளைப் படமெடுக்கும் கண்ணறைக்காட்டி, வில்லையை வைத்துத்தான் ஆளை அடையாளம் காணும். தன் வில்லையைக் கழற்றி அண்ணனின் உள்ளங்கைச் சூட்டில் கொடுத்துவிட்டு, அண்ணன் வில்லையோடு அதன் முன்னால் போய் நின்றதும் பரணிதான்.

அண்ணன் ஊருக்குப் போய் வந்தான். அண்ணி சுகந்தி முழுகாமல் இருந்தாள்.

அப்போதுதான் கம்பெனி, பரிசோதனை முடிவுகளைக் குடும்பங்களுக்கும் அனுப்பத் தொடங்கியது. சித்திரவேலின் பெயரில் போன படத்தில் உயிரணு ஒன்றுகூட இல்லை. பிள்ளை வேறு யாருடையதோ என்று அம்மா, சுகந்தியைக் கூட்டிப்போக அவள் அண்ணன்மார்களை வரச்சொல்லிவிட்டாள். முன்பு அவளை மலடி என்று அம்மா ஏசியபோது, அவளுடைய ஆஸ்பத்திரிப் படத்தைக் காட்டி, "மெஷின் பொய் சொல்லாதும்மா, அண்ணிகிட்ட குறை இல்ல" என்று வாதாடியவன் பரணியே.

"நான் சொன்னா பொண்டாட்டிய காப்பாத்தப் புளுகுறேங்கிறாங்கடா. நீ சொல்லு" என்றான் அண்ணன், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

பரணிக்குத் தையில் மாமா மகளோடு கல்யாணம். இரட்டை மருந்து ஏறிய உடம்பு தேறுமா என்று மருத்துவராலேயே சொல்ல முடியவில்லை. கைபேசியில் குடும்பக் குழுவில் மாமாவும் இருந்தார். பரணி, பேச்சை எழுத்தாக்கும் குரலெழுதியை வாயருகே கொண்டுபோனான்.

"அம்மா, அந்தப் படம் அண்ணனோடது இல்ல. என்னோடது."

திரையில் எழுத்துகள் விழுந்தன. வில்லை மாற்றிய கதை முழுவதையும் சொல்லி அனுப்பினான்.

அண்ணனும் தம்பியுமாய்ச் சேர்ந்து அவளுக்கு வக்காலத்து வாங்குவதாக அம்மா திட்டினாள். மறுநாள் காலை பரணி தன் வில்லையோடு கண்ணறைக்காட்டியின் முன் நின்றான். அதே தளர்ந்த கண்ணறைகள், அதே வெறுமை. அந்தப் படத்தையும் அனுப்பினான். மாமா குழுவை விட்டு வெளியேறினார். போகட்டும், அண்ணி தப்பித்தாள் என்று மூச்சு விட்டான்.

அம்மாவின் குரல் வந்தது.

"ரெண்டு படமும் ஒண்ணாத்தான்யா இருக்கு. அப்ப ரெண்டு பேருக்குமே ஒண்ணும் இல்ல. மெஷின் பொய் சொல்லாதுன்னு நீதான சொன்ன? இவ அண்ணன்மாரு வாசல்ல வந்து நிக்கிறாங்க."

பரணி அண்ணனைப் பார்த்தான். சித்திரவேல் மெல்லச் சட்டைப் பொத்தானை அவிழ்த்தான். ஊரிலிருந்து திரும்பிய அன்றே ஒட்டிய வில்லை, மார்பில் பச்சையாய் மினுங்கிக்கொண்டிருந்தது. இனி அவனை நிறுத்திப் பார்த்தாலும் அதே படம்தான் வரும்.