நனையாத இடம்

டீ வாங்கப் போனவன் வெறுங்கையோடு திரும்பினான். கடைக்காரம்மா தன் கரி அடுப்பைக் காணோம் என்று தேடிக்கொண்டிருந்தாள். அடுப்பு இல்லாமல் டீ ஏது? சரி, டீ இல்லாமலே மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று சேற்றில் வழுக்கியபடி அவன் நடந்தான். ஏரிக்கரையில் வரிசையாக நின்ற கூடாரங்களில் நீலக் கூடாரத்தின் முன்னால் குனிந்து, ஜிப்பை மேலே இழுத்தான்.

காணாமல் போன அடுப்பு உள்ளே இருந்தது. அதன் பக்கத்தில் வயலின் வாசிக்கும் மைனா படுத்திருந்தாள். தூங்குகிறவளைப் போலத்தான் இருந்தாள். கன்னம் மட்டும், இத்தனை குளிரிலும், வெயிலில் விளையாடிவிட்டு வந்த குழந்தையின் கன்னம்போலச் சிவந்திருந்தது. அவன் அவள் கையைத் தொட்டான். பிறகு அலறினான்.

வெட்டவெளி இசைவிழாவின் கடைசி நாள் அப்படி விடிந்தது.

ஆய்வாளர் வந்தபோது ஏரிமேல் பனி இன்னும் கலையவில்லை. நாற்பதைத் தொட்ட பெண். குறைவாகப் பேசுவார். கூட வந்த ஏட்டு அவருக்கும் சேர்த்துப் பேசுவார்.

"மூணு நாளா ராத்திரி பகலா ஒரே டமால் டுமீல் மேடம். இன்னைக்குத்தான் ஊரே அமைதியா இருக்கு" என்றார் ஏட்டு. சொன்ன பிறகுதான் ஏன் அமைதியாக இருக்கிறது என்பது உறைத்தது போல. தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

விழா அமைப்பாளர் குடையோடு காத்திருந்தார். மழையே இல்லை. ஆனாலும் குடை விரிந்திருந்தது.

"இது விபத்துதான் மேடம். குளிருக்கு அடுப்பை உள்ள வெச்சுக்கிட்டுத் தூங்கியிருக்கு. கரிப்புகை ஆளைத் தூக்கிடுச்சு. கூடாரத்துக்குள்ள நெருப்பு கூடாதுன்னு வாசல்லயே போர்டு மாட்டியிருக்கோம். டீக்கடை அம்மாதான் அடுப்பை அணைக்காம வெளிய போட்டுட்டுத் தூங்கியிருக்காங்க. அவங்க மேல எழுதிக்கிட்டீங்கன்னா, பன்னெண்டு மணிக்குக் கேட்டைத் திறந்துடலாம். எல்லாரும் ஊருக்குப் போகணும்."

"எழுதறத நான் பாத்துக்கறேன்" என்றார் ஆய்வாளர்.

டீக்கடைக்காரி சற்றுத் தள்ளி, கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம்.

"நான் யாருக்கும் குடுக்கல மேடம். நேத்து ராத்திரி மழை விட்டதும் கடைய மூடினேன். அடுப்புல தணல் இருந்துச்சு. தானா அணைஞ்சிடும்னு கடைக்குப் பின்னாடி வெச்சுட்டு உள்ள படுத்துட்டேன். ஒரு சொம்பு தண்ணி ஊத்தியிருக்கலாம். ஊத்தல."

"மழை விடற வரைக்கும் அடுப்பு உங்ககிட்டதான் இருந்துச்சா?"

"அது மேலதான் டீ போட்டுக்கிட்டிருந்தேன். மழையில ஒதுங்கினவங்க நிறையப் பேர்." அவள் ஆய்வாளரின் முகத்தையே பார்த்தாள். "என்னை உள்ள வெச்சிடுவாங்களா மேடம்? வீட்டுல பொண்ணு தனியா இருக்கு. அதுக்கு என்னை விட்டா யாரும் இல்ல."

ஆய்வாளர் நீலக் கூடாரத்தை நோக்கி நடந்தார். தெரியாததைச் சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை.

கூடாரம் சிறியது. ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்தால் தலை துணியில் இடிக்கும். மழைக்காக மேலே இருந்த காற்றுத் துவாரத்தை மூடியிருந்தாள் மைனா. ஆய்வாளர் முட்டிபோட்டு நுழைந்து வெகுநேரம் அப்படியே இருந்தார். யாரோ ஒருத்தியின் கனவுக்குள் செருப்புக் காலோடு நுழைந்துவிட்டதைப் போலக் கூச்சமாக இருந்தது.

வலது பக்கம் படுக்கைப்பை, அதற்குள் மைனா. காதுகளில் பஞ்சு அடைப்பான். பக்கத்துக் கூடாரங்களின் பாட்டுக்கும் சிரிப்புக்கும் நடுவே தூங்க வேண்டுமென்றால் எல்லோரும் அதைத்தான் வைத்துக்கொள்கிறார்கள். காலில் வெள்ளைக் கம்பளிக் காலுறை. கால்மாட்டில் துணிப்பை. தலைமாட்டில் வெள்ளைக் கான்வாஸ் காலணி, ஒன்றன்மேல் ஒன்றாக, சுத்தமாக.

இடது பக்கம் மிச்சமிருந்தது ஒரே ஓர் இடுக்கு. அங்கேதான் அடுப்பு. தரையில் விரித்திருந்த பருத்தி விரிப்பு மழைநீர் ஊறிக் கருத்துக் கிடந்தது. அடுப்பை ஒட்டி மட்டும் கொஞ்சம் இடம் நனையாமல் வெளுப்பாகத் தெரிந்தது. கை நீளத்துக்கு இருக்கும். ஒரு நுனி அகலம், மறுநுனி குறுகல்.

"அடுப்புச் சூட்டுல காஞ்சிருக்கு மேடம்" என்றார் ஏட்டு, வெளியிலிருந்து எட்டிப் பார்த்து.

"ம்" என்றார் ஆய்வாளர். அடுப்பை மெல்லத் தூக்கி, அதன் அடியைப் பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்தார்.

முதலில் டீ வாங்கப் போனவன். டிரம்ஸ் வாசிப்பவன். தலைமுடியை வைத்து எல்லோரும் அவனைச் சுருட்டை என்றார்கள்.

"நேத்து சாயங்காலம் ரெண்டு பேருக்கும் சண்டையாமே?"

"ஆமா."

"எதுக்கு?"

"அவ எங்க குழுவுல சேரப் போறா. நாங்க கல்யாணமும் பண்ணிக்கப் போறோம். இன்னைக்கு மத்தியானம் கடைசி நிகழ்ச்சியில மேடையில சொல்லிடலாம்னேன். அண்ணன்கிட்ட சொல்லாம சொல்ல மாட்டேன்னா. எப்பதான் சொல்லுவேன்னு கத்தினேன். இன்னைக்கே சொல்றேன் போடான்னுட்டுப் போயிட்டா. நான் கோவிச்சுக்கிட்டு மேடைக்குப் பின்னாடி லாரியில படுத்துட்டேன்." அவன் தன் கைகளைப் பார்த்தான். "அவளைத் தனியா விட்டுட்டேன்."

"அவங்களுக்கு வேற செருப்பு, ஷூ ஏதாவது உண்டா?"

இப்படியொரு கேள்வியை அவன் எதிர்பார்க்கவில்லை.

"இல்ல. இது ஒண்ணுதான். பை கனக்கும்னு எதையும் எடுத்துட்டு வர மாட்டா."

"தூங்கும்போது வயலினை எங்க வெப்பாங்க?"

"பக்கத்துலதான். ஒரு நாளும் பிரிய மாட்டா. கல்யாணத்துக்கு அப்புறம் நான் எங்க படுக்கறதுன்னு கிண்டல் பண்ணுவேன்." சிரிக்கப் போனான். அது வேறெதுவாகவோ ஆகி, முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மைனாவின் அண்ணன் ஏரியைப் பார்த்தபடி நின்றிருந்தார். உயரமான மனிதர். இடது கையில் இரண்டு விரல்கள் பாதியோடு நின்றிருந்தன. மர அறுப்பு இயந்திரத்தில் போனவை. அதற்கு முன்பு அவரும் வயலின் வாசித்தவர்தான். வாசிக்க முடியாமல் போனதும் வயலின் செய்யத் தொடங்கினார். தங்கைக்குக் கற்றுக்கொடுத்தார். மைனா மேடையில் வாசித்த ஒவ்வொரு மெட்டும் அவர் போட்டது. அவள் தோளில் இருந்த வயலினும், அதன் பெட்டியும் அவர் கையால் இழைத்தவை.

அந்தப் பெட்டி இப்போது அவர் தோளில் தொங்கியது.

"உங்ககிட்ட எப்படி வந்துச்சு சார்?"

"நேத்து சாயங்காலம் மேடைய விட்டு இறங்கினதும் குடுத்துட்டா. மழை வரும்போல இருக்கு, நீயே வெச்சுக்கோண்ணான்னா. அப்ப ஒரு தூறல்கூட விழல."

"அதுக்கப்புறம் தங்கச்சியப் பாத்தீங்களா?"

"இல்ல. என் கூடாரம் அந்தக் கோடியில இருக்கு. போய்ப் படுத்துட்டேன்."

"குழுவ விட்டுப் போறதப் பத்தி ஏதாவது சொன்னாங்களா?"

"எந்தக் குழுவ விட்டு? ஒண்ணும் சொல்லலையே."

ஆய்வாளர் தலையசைத்துவிட்டு டீக்கடைக்குத் திரும்பினார். கடைக்காரியிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"மழையில ஒதுங்கினவங்கள்ல அந்தப் பொண்ணோட அண்ணன் இருந்தாரா?"

"இருந்தாரே. கடைக்குப் பின்பக்கமா உக்காந்திருந்தார். வாங்கின டீ ஆறிப்போச்சு, தொடவே இல்ல. மழைத்தண்ணியா கண்ணீரான்னு தெரியல மேடம், முகமெல்லாம் நனைஞ்சிருந்துச்சு. என்னண்ணே ஆச்சுன்னேன். என் பாட்டு எல்லாருக்கும் பழசாயிடுச்சும்மான்னார். நான் கடைய மூடும்போதுகூட அங்கதான் இருந்தார்."

மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. வாசலில் மூட்டை முடிச்சுகளோடு கூட்டம் சேரத் தொடங்கியது. அமைப்பாளர் குடையை மடக்கி மடக்கி விரித்தார். ஆம்புலன்ஸ் மைனாவை ஏற்றிக்கொண்டு கரையோரம் நின்றது. அவளுடைய கூடாரத்தின் முன்னால் நான்கு பேரை வரச் சொல்லியிருந்தார் ஆய்வாளர்: அமைப்பாளர், டீக்கடைக்காரி, சுருட்டை, அண்ணன்.

"முதல்ல ஒரு விஷயம்" என்றார். "எல்லாரும் உங்க காலைக் கொஞ்சம் பாருங்க."

பார்த்தார்கள். கணுக்கால்வரை சேறு. அமைப்பாளரின் விலை உயர்ந்த பூட்ஸ்கூடத் தப்பவில்லை.

"நேத்து மழைக்கு அப்புறம் இந்த மைதானத்துல ஓரடி வெச்சவங்க யாரும் சேறில்லாமத் திரும்பல. மைனாவோட ஷூ வெள்ளை. ஒரு பொட்டு சேறு இல்ல. காலுறையும் அப்படித்தான். வேற செருப்பும் கிடையாது. மழை விடற வரைக்கும் அடுப்பு கடையில எரிஞ்சுக்கிட்டிருந்துச்சு. அப்படின்னா அதை அவங்க எடுத்துட்டு வந்திருக்க முடியாது. வேற யாரோ கொண்டுவந்து வெச்சிருக்காங்க. காதுல பஞ்சோட தூங்கறவளுக்கு ஜிப் திறக்கறது கேக்காதுன்னு தெரிஞ்ச யாரோ."

"குளிருமேன்னு நல்ல எண்ணத்துல யாராவது..." என்று அமைப்பாளர் இழுத்தார்.

"நல்ல எண்ணத்துல வெச்சவங்க காலையில நான்தான் வெச்சேன்னு அழுதிருப்பாங்க. இங்க யாரும் அப்படி அழல." ஆய்வாளர் கூடாரத்தின் வாயை விலக்கிப் பிடித்தார். "இப்ப இந்த விரிப்பைப் பாருங்க. எல்லா இடமும் ஈரம். இந்த ஓரிடம் மட்டும் நனையல. சூட்டுல காஞ்சதுன்னு எங்க ஏட்டு சொன்னார். நானும் முதல்ல அப்படித்தான் நினைச்சேன். ஆனா அடுப்பு வட்டம். சூட்டுல காஞ்சா அதைச் சுத்தி வட்டமாக் காயணும். இது நீளமா, ஒரு பக்கம் அகலமா, ஒரு பக்கம் குறுகி இருக்கு. ஓரமெல்லாம் வெட்டின மாதிரி நேரா இருக்கு. அடுப்பு இந்த இடத்துக்கு மேலயே உக்காந்திருக்கு."

அவர் அண்ணனிடம் கையை நீட்டினார்.

"பெட்டியக் குடுங்க சார்."

அண்ணன் அசையவில்லை. ஏட்டுதான் அவர் தோளிலிருந்து பட்டையைக் கழற்றினார். ஆய்வாளர் அடுப்பை வெளியே எடுத்துவைத்தார். பெட்டியைத் தாழ்த்தி, அந்த வெளுத்த இடத்தின்மேல் வைத்தார்.

ஒரு விரல்கூட ஏறவில்லை, குறையவில்லை.

"நீங்களே செஞ்ச பெட்டி. இந்த வடிவத்துல உலகத்துல இன்னொண்ணு கிடையாது. மழைத்தண்ணி உள்ள ஊறும்போது இது இங்கதான் இருந்திருக்கு. ஒரு தூறல்கூட விழறதுக்கு முன்னாடி வாங்கிட்டேன்னு சொன்னீங்க."

"ஒழுகுதேன்னு..." அண்ணன் பெட்டியின்மேல் கையை வைத்தார். "ஒழுகுதேன்னு மழைக்கு அப்புறம் வந்து எடுத்தேன். நேரம் மறந்து மாத்திச் சொல்லிட்டேன்."

"சரி. அப்ப அடுப்பு உள்ள இருந்துச்சா?"

"இல்ல."

"நீங்க போன பிறகு வேற யாரோ கொண்டுவந்து வெச்சாங்க. அப்படித்தானே?"

"ஆமா... இருக்கலாம்."

"சார், தங்கச்சியப் பாக்கலைன்னீங்க, பாத்திருக்கீங்க. நேராப் போய்ப் படுத்தேன்னீங்க, அந்த அடுப்புக்குப் பக்கத்துலயே உக்காந்திருந்திருக்கீங்க. தங்கச்சி ஒண்ணும் சொல்லலைன்னீங்க, உங்க பாட்டு பழசாயிடுச்சுன்னு சொல்லியிருக்கா." ஆய்வாளர் குரலை உயர்த்தவில்லை. "இந்தக் கூடாரத்துல அடுப்பு வெக்க இருந்தது இந்த ஒரே இடம். பெட்டியை எடுத்தாத்தான் அடுப்பை வெக்க முடியும். வேற ஒருத்தரா இருந்தா பெட்டியத் தூக்கி அவங்க கால்மேல போட்டுட்டுப் போயிருப்பாங்க. திருடனா இருந்தா அதோட ஓடியிருப்பான். நீங்க அதைப் பத்திரமா வெளிய கொண்டுவந்தீங்க. ஏன்?"

காற்று கூடாரத் துணியை உப்பவைத்து விட்டது. ஒரு பெருமூச்சு போலிருந்தது.

"சூடு பட்டா பசை இளகிடும்" என்றார் அண்ணன்.

சொன்னது தன் வாய்தானா என்பதுபோல நின்றார். ஆனால் நின்ற பிறகும் சொற்கள் வந்தன.

"மூட்டெல்லாம் விட்டுப்போகும். மேல்பலகை வெடிச்சிடும். நாலு வருஷம் அதுக்கு மரம் தேடினேன் மேடம். என் கையில விரல் இல்ல, அவ கையில இருந்துச்சு. அவ வாசிச்சா நான் வாசிக்கற மாதிரி. அவ்வளவுதான் எனக்கு மிச்சம். நேத்து வந்து நிக்கறா. அண்ணா, நான் போறேன், உன் மெட்டையெல்லாம் இனிமே வாசிக்க மாட்டேன், எனக்குன்னு ஒண்ணு வேணும்னு. சிரிச்சுக்கிட்டே சொல்றா."

சுருட்டை அவர்மேல் பாயவில்லை. சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"வயலினுக்குச் சூடு ஆகாதுன்னு நினைவிருந்துச்சு" என்றான் மெதுவாக. "அவளுக்கு?"

அண்ணன் அவனைப் பார்க்கவில்லை. ஏட்டு கையைப் பிடித்து ஜீப்புக்கு நடத்தியபோது, திரும்பித் திரும்பிக் கூடாரத்தையே பார்த்தார். "தந்தியைத் தளர்த்தி வெக்கச் சொல்லுங்க. வெயில்ல விட்டுடப் போறாங்க" என்றார். ஆம்புலன்ஸ் அவரைத் தாண்டிப் போனது. அதில் யார் போகிறார்கள், எங்கே போகிறார்கள் என்று அவர் கேட்கவில்லை. சுருட்டை அதற்குள் ஏறியிருந்தான்.

மணி பன்னிரண்டு. வாசலைத் திறந்தார்கள். மூன்று நாள் ஆடிப் பாடியவர்கள் தலை குனிந்து, ஒருவர் பின் ஒருவராக, சேற்றைக் காலோடு எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள்.

டீக்கடைக்காரி பாத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். ஆய்வாளர் அருகே போய் நின்றார்.

"உங்க மேல ஒண்ணும் இல்லக்கா. நீங்க வீட்டுக்குப் போகலாம். சாட்சி சொல்ல மட்டும் கூப்பிடுவோம்."

அவள் கும்பிட்டாள். ஆனால் நிம்மதி என்று சொல்லக்கூடிய எதுவும் அந்த முகத்தில் இல்லை.

"தண்ணி ஊத்தியிருந்தா அந்த ஆளு தணலுக்கு எங்க போயிருப்பான் மேடம்?"

வேறு வழி தேடியிருப்பான் என்று ஆய்வாளர் சொல்லலாம். விடிவதற்குள் கோபம் ஆறியிருக்கும் என்றும் சொல்லலாம். இரண்டையும் நிரூபிக்க முடியாது.

கடைக்காரியின் கைப்பேசி அடித்தது. புடவைத் தலைப்பால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

"ஆமாடி, கிளம்பிட்டேன்... இல்ல, இன்னைக்கேதான்... பாட்டா? கேட்டேன், கேட்டேன். நல்லா இருந்துச்சு." மூட்டையின் முடிச்சை இறுக்கினாள். "குளிருதா? போர்வைய நல்லா இழுத்துப் போத்திக்கோ. கதவத் தாழ்ப்பாள் போட்டுக்கோ. ஜன்னல் மூடியிருக்கா? எழுந்து போ கண்ணு. போய் அதை மட்டும் தொறந்து வை. நான் லைன்லயே இருக்கேன்."