தலைவர் தாமே பூட்டிய வயர்

கனடாவின் மொன்றியல் பெருநகரிலும் அதைச் சூழ்ந்த தீவுகளிலும் வாழும் தமிழ்ப் பெருமக்கள் அனைவருக்கும் இத்தால் அறியத்தருவது யாதெனில்: பழைய மாணவர் சங்கத்தின் ஆயுட்காலத் தலைவர் சவிரிமுத்து அவர்கள், சனவரி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், எவருடைய உதவியும் இன்றி, இல்-பிசார் தீவிலுள்ள தமது இல்லத்தின் வெப்பமூட்டிக்குப் புதிய தெர்மோஸ்டாட்டைத் தாமே பூட்டி முடித்தார். சிவப்பு வயர் சிவப்புக்குரிய துளைக்குள் போனது. வெள்ளை வயர் வெள்ளைக்குரியதில் போனது. தலைவர் அதைப் படம் பிடித்துச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். பலர் கைகூப்பினார்கள்.

ஒரேயொரு சின்னப் பிசகு. வரவேற்பறைச் சுவரில் இருந்த தெர்மோஸ்டாட், வீட்டின் வெப்பம் இருபத்துநாலு பாகை என்றது. அதற்கு முன்னால் நின்ற தலைவரின் வாயிலிருந்து குளிரில் புகை வந்தது.

தெர்மோஸ்டாட் எளிய பிராணி. தான் இருக்கும் சுவர் குளிர்ந்தால் நிலவறையில் கிடக்கும் ஃபேர்னஸ் என்ற சூட்டு உலையை எழுப்பும்; சூடாக இருந்தால் அதைத் தூங்கவிடும். வீட்டின் மற்ற மூலைகளில் யார் நடுங்குகிறார்கள் என்பது அதற்குத் தெரியாது. இந்த விடயத்தில் தலைவரும் அதுவும் ஒரே சாதி.

பதினேழு பாகைக்கு மேல் ஏறக்கூடாது என்பது அவருடைய கொள்கை. மனைவி இமெல்டா கைவைக்காதபடி பழைய தெர்மோஸ்டாட்டுக்கு மேல் பிளாஸ்ரிக் பெட்டி ஒன்றைப் போட்டுப் பூட்டி, திறப்பைத் தன் இடுப்பில் கொழுவிக்கொண்டார். குளிருது எண்டால் ஒரு சுவெற்றரைப் போடு என்பார். அவள் வேறு வழி கண்டாள். ஃப்ரீசரில் உறைந்து கிடந்த, துருவிய தேங்காய்ப்பூப் பைக்கற்றை நூலில் கட்டி, அந்தப் பெட்டியின் மேல் தொங்கவிட்டாள். தெர்மோஸ்டாட் ஏமாந்தது. அவர் வெளியே போன பகல்களில் அவள் சூட்டில் இருந்தாள்.

பிடிபட்ட கதையை அவர் சங்கத்தின் கிறிஸ்மஸ் ஒளிவிழா மேடையில் பகிடியாகச் சொன்னார். மண்டபமே சிரித்தது. முன்வரிசையில் இமெல்டாவும் சிரித்தாள், நீலம் பாய்ந்த விரல்களைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு. அதன் பிறகு அவள் பைக்கற் கட்டவில்லை. அடுத்த கார்த்திகையில் அவளுக்கு நெஞ்சில் சளி கட்டியது. கடைசி நாளில் அவளுடைய கை காய்ச்சலில் கொதித்தது என்று மகள் ஜென்சி சொன்னாள். தலைவருக்குத் தெரியாது. அன்று நிர்வாகக் கூட்டம்.

இமெல்டாவின் நினைவுப் பூசை முடிந்த கையோடுதான் அவர் புதிய தெர்மோஸ்டாட்டை வாங்கினார்.

பக்கத்து நகரமான லாவாலில் இருந்து ஜென்சி அழைத்தாள். வீடு சூடேறவில்லை என்று அவர் வாய்தவறிச் சொல்லிவிட்டார். வெளியே மறை இருபத்தெட்டு பாகை, ஆரையாவது கூப்பிட்டுக் காட்டுங்கோ, இல்லாவிட்டால் நான் வந்து காரிலை ஏத்திறன் என்றாள்.

"படம் போட்டிட்டன் பிள்ளை. எல்லாரும் பாத்திட்டினம். இனி ஆளைக் கூப்பிட்டா என்ன கதைப்பினம்?"

"விறைச்சுச் செத்தா என்ன கதைப்பினம் அப்பா?"

அவர் தொலைபேசியை வைத்துவிட்டார்.

மாலை ஐந்துக்கே ஜன்னல்கள் கறுத்துவிட்டன. எங்கோ பனி அள்ளும் வண்டியொன்று பின்வாங்கும் சத்தம் தெருமுனையில் கேட்டுத் தேய்ந்தது. குளிரில் சுருங்கிய கூரை மரம் எலும்பு முறிவதுபோல் இடையிடையே வெடிக்க, தரையில் இருந்த சூட்டுக் காற்றுத் துவாரங்கள் ஒரு மூச்சும் விடாமல் வாயைத் திறந்தபடி கிடந்தன. அப்போதுதான் அந்த மணம் வந்தது. உருகத் தொடங்கிய தேங்காய்ப்பூவின் மணம், லேசாகப் புளித்து, ஈரச் சேலையின் மணத்தோடு கலந்து.

அவர் மேலங்கியைப் போட்டுக்கொண்டு சுவரைத் தடவினார். சுவர் பனிக்கட்டியாக இருந்தது. தெர்மோஸ்டாட் மட்டும் சூடு. அதைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கும் சூடு. தடவிக்கொண்டே போன அவருடைய விரல்கள் அந்தச் சூட்டின் ஓரத்தைக் கண்டுபிடித்தன. ஓரம் பிரிந்து பிரிந்து போனது. ஐந்தாக.

வயர்தான் எங்கோ சூடாகுது என்று உரக்கச் சொன்னார். கேட்க ஆளில்லாத வீட்டிலும் அவருக்கு மேடைக் குரல்தான்.

கதவு பக்கத்தில்தான் இருந்தது. காரின் திறப்பும் கொழுக்கியில் தொங்கியது. ஆனால் லாவாலுக்குப் போனால் ஜென்சி கேட்பாள். ஜென்சி கேட்டால் குழுவுக்குத் தெரியும். தலைவர் ஃப்ரீசரைத் திறந்தார். அடியில் ஒரு பைக்கற் கிடந்தது. அதில் கட்டிய நூல் இன்னும் இருந்தது.

யாரும் பார்க்கவில்லை என்று ஜன்னல்களை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு, மண்டபமே சிரித்த அந்தக் காரியத்தை இரண்டு கைகளாலும் செய்தார். பைக்கற்றைத் தெர்மோஸ்டாட்டில் வைத்து அழுத்தினார்.

இருபத்துமூன்று. இருபது. பதினெட்டு.

சிரிப்பு வந்தது அவருக்கு.

பதினேழு. இன்னும் ஒரு பாகை இறங்கினால் ஃபேர்னஸ் எழும்பும். ஒன்றே ஒன்று. நிலவறையில் ஏதோ 'டிக்' என்றது. அழுத்தினார்.

பதினெட்டு.

விரல்களில் உணர்வில்லை. இடது கையில் இல்லை. வலது கையில் இருந்தது. வலது புறங்கையில் ஒரு சூடு. மெத்தென்று. ஈரமாக. கொதிக்கும் சூடு.

இழுத்தார். வரவில்லை.

இருபது.

அந்தச் சூடு அவருடைய விரல்களுக்கு இடையில் தன் விரல்களைக் கோத்தது. அவசரமில்லாமல். அழுத்தியது.

இருபத்துநாலு.

காதருகே மூச்சு. அந்த மூச்சில் மட்டும் புகை இல்லை.

"குளிருதெண்டால் ஒரு சுவெற்றரைப் போடுங்கோவன்."

மறுநாள் ஜென்சி கதவை உடைப்பித்து உள்ளே வந்தபோது தலைவர் சுவரோடு நின்றுகொண்டிருந்தார். கண்கள் திறந்திருந்தன. இமைகளில் வெள்ளைப் பனி. தேங்காய்ப்பூ உருகவில்லை. அவருடைய உடம்பு முழுவதும் படிந்திருந்த பனி, வலது புறங்கையில் மட்டும் படியவில்லை. ஜென்சி அதைத் தொட்டுவிட்டுக் கையை உதறினாள். சுட்டது.

மின்வேலைக்காரர் வந்து தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் பார்த்தார். வயர் சரியாகத்தான் பூட்டியிருந்தது.